நர்சிங் ஹோமில் கடைசி நாட்கள்: ராத்திரி ஷிஃப்டுக்கு முன்னால் முடித்து வைக்க வேண்டியவை

நர்சிங் ஹோமில் ஒருவருடைய கடைசி மணி நேரம் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் ராத்திரி ட்யூட்டியில் இருக்கும் பராமரிப்பாளர் கையில்தான் இருக்கிறது. அவருக்கு இருபத்து சொச்சம் வயதிருக்கும். இந்தோனேசியாவின் மெடானிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வேலைக்கு வந்தவராக இருப்பார். அவர் பொறுப்பில் ஒரு மாடி நிறையப் பெரியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நடு ராத்திரியில் ஒரு தாத்தாவுக்கு மூச்சு மாறுகிறது. கோப்பில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? 999க்குத்தான் அடிப்பார். ஆம்புலன்ஸ் வரும். அவசரப் பிரிவில் கையில் ஊசி குத்தி, மூக்கில் குழாய் விட்டு, நெஞ்சை அமுக்குவார்கள். பிள்ளைகள் கார் நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் தாத்தா முகம் தெரியாதவர்கள் நடுவில் போய்விட்டிருப்பார். அந்தப் பையன் மேல் குற்றமில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் மேலும் இல்லை. அவர்களுக்கு வேறு வழி தெரியும்படி யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம், ஒரு நர்சிங் ஹோமில் பொறுப்புத் தாதி. அதற்கு முன் அரசாங்க மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் இருந்தேன். இங்கிருக்கும் நம்முடைய பாட்டி தாத்தாக்கள் என்னை இன்னமும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக் காலத்துப் பழக்கம். அப்பாவையோ அம்மாவையோ இல்லத்தில் விட்டிருக்கும் பிள்ளைகளுக்காகவும், பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். கடைசி நாட்களை நல்லபடியாக நடத்திக் கொடுக்க முடியும். அதற்கான வேலையில் முக்கால்வாசி, சாவு பக்கத்தில் வருவதற்கு வெகு முன்னாலேயே செய்ய வேண்டியது.

சேர்க்கும் அன்றைக்கே கேளுங்கள்

இல்லம் தேடி வருகிறவர்கள் அறையைப் பார்ப்பார்கள், மாதக் கட்டணம் கேட்பார்கள், சமையலில் மாட்டிறைச்சி உண்டா என்று கேட்பார்கள். எல்லாம் கேட்க வேண்டியதுதான். கூடவே இதையும் கேளுங்கள்: "எங்கம்மா காலம் முடிகிறபோது இங்கேயே இருக்கலாமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவீர்களா?" சேர்க்கிற அன்றைக்கே இதைக் கேட்க நாக்கு எழாது. ஆனால் சில இல்லங்கள் தங்கள் கூரையின் கீழ் யாரும் இறப்பதை விரும்புவதில்லை. அதை முதல் நாளே தெரிந்துகொண்டால் வேறு இடம் பார்க்கலாம்.

பெயர்ப் பலகையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகாவில் பதிவான இல்லங்கள் ஒரு வகை. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்ற நர்சிங் ஹோம் இன்னொரு வகை. பேச்சில் இரண்டையும் எல்லோரும் நர்சிங் ஹோம் என்றே சொல்வார்கள். எந்த உரிமம் என்று கேளுங்கள். ராத்திரியில் பதிவு பெற்ற தாதி இருப்பாரா, இல்லையென்றால் போனிலாவது கிடைப்பாரா? கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினைப் பூட்டி வைக்க அலமாரி உண்டா, அளந்து கொடுக்கத் தெரிந்தவர் உண்டா? வெளியிலிருந்து ஹோஸ்பிஸ் (கடைசிக் காலத்து நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்பு) தாதி வந்து பார்க்க விடுவார்களா? கடைசி ராத்திரிகளில் பிள்ளைகள் நாற்காலி போட்டு உட்காரலாமா? மரணத்தை உறுதிசெய்ய எந்த டாக்டர் வருவார்? இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் இடம் என்றால், அவர்கள் இதையெல்லாம் முன்பே செய்து பழகியவர்கள் என்று அர்த்தம்.

காலம் நெருங்குவதை எப்படித் தெரிந்துகொள்வது

எங்கள் இல்லத்தில் புற்றுநோய்க்காரர்கள் குறைவு. மறதி நோய், இதயம் தளர்ந்து போனது, சிறுநீரகம், பக்கவாதம் இவைதான் அதிகம். புற்றுநோய் என்றால் டாக்டர் உட்கார வைத்துப் பேசிவிடுவார். இந்த நோய்களில் சரிவு மெதுவாக நடப்பதால் 'அப்பா கொஞ்சம் டல்லா இருக்கார்' என்றே வருஷம் போய்விடும்.

வலிதணிப்பு மருத்துவத்தில் டாக்டர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு: "இந்த நோயாளி அடுத்த 12 மாதத்தில் இறந்துபோனால் நான் ஆச்சரியப்படுவேனா?" இல்லை என்று மனசு சொன்னால் பேச்சை ஆரம்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நீங்களும் அம்மாவை நினைத்து அதையே கேட்டுப் பாருங்கள். அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும். வளையல் முழங்கை வரை நழுவுகிறது. நுரையீரல் தொற்று என்று அடிக்கடி ஆஸ்பத்திரி போய் வருகிறார். ஒவ்வொரு தடவையும் போனதைவிடக் குறைந்துதான் திரும்புகிறார். சோற்றுக் கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்க மறந்துவிடுகிறார். படுக்கைப் புண் ஆறுவதில்லை. பகலிலும் தூக்கம். இதில் ரெண்டு மூன்று சேர்ந்து வந்தால் இல்லத்துப் பொறுப்பாளரைப் பார்த்து உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள்.

பேச்சை ஆரம்பிப்பது

அவருக்கு நினைவு இருக்கும்போதே அவரிடமே பேசுங்கள். சாவு என்ற வார்த்தையை எடுத்ததும் போட வேண்டியதில்லை. "அப்பா, போன தடவை ஆஸ்பத்திரியில அத்தனை நாள் படுத்திருந்தீங்களே, மறுபடி அப்படி ஒன்னு வந்தா அங்க போக மனசு இருக்கா?" என்று கேட்டால் போதும். பெரியவர்கள் நாம் நினைப்பதுபோல் பதறுவதில்லை. "வேணாம்மா, கையெல்லாம் குத்திக் கருப்பாக்கிட்டாங்க. இங்கயே இருந்துர்றேன்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி, தனக்கு உடுத்த வேண்டிய சேலையை அலமாரியின் மேல் தட்டில் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார். மகளிடம் சொன்னால் அழுவாள் என்று என்னிடம் காட்டினார். "அவகிட்ட நீயே சொல்லிடு மிஸ்ஸி." சொன்னேன். மகள் அழத்தான் செய்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஜாக்கெட் எதும்மா?" என்று கேட்டார். அன்று மத்தியானம் முழுக்க ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நினைவு தப்பியவர் என்றால் குடும்பம்தான் பேச வேண்டும். அப்போது பிள்ளைகளிடம் "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று தன் வாயால் சொல்லாது. "அம்மாவுக்கு இப்போது தெளிவு திரும்பி, தன் உடம்பை அவரே பார்த்தால் என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். முடிவின் பாரம் பிள்ளையின் தோளிலிருந்து இறங்கிவிடும். அம்மாவின் வார்த்தையைப் பிள்ளை எடுத்துச் சொல்கிறது, அவ்வளவே.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர், பெர்த்தில் இருப்பவர், எல்லோரும் வீடியோ காலிலாவது வரட்டும். தூரத்தில் இருக்கும் மகன்தான் கடைசி நேரத்தில் பறந்து வந்து "எல்லாம் செய்யுங்க, பணம் நான் கட்டுறேன்" என்பார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் மனசில் இருப்பது போன தீபாவளிக்குப் பார்த்த அம்மா. முடிந்தால் ஒரு ராத்திரி அம்மா பக்கத்தில் அவரை உட்கார வையுங்கள். பாம்பர்ஸ் மாற்றும்போதும், புண்ணுக்குக் கட்டுப் போடும்போதும் கூட நிற்கட்டும். மறுநாள் காலையில் அவரே வேறு மாதிரி பேசுவார்.

நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிப்பது பற்றித் தனியாகப் பேசுங்கள். தளர்ந்துபோன உடம்பில் அது விலா எலும்பை உடைக்கும். மீண்டு எழுகிறவர்கள் மிகச் சிலர்தான். அது வேண்டாம் என்று எழுதினால் கவனிப்பை நிறுத்துகிறோம் என்று ஆகாது. குளிப்பாட்டுவது, வலிக்கு மருந்து, வாயைத் துடைப்பது, பக்கத்தில் இருப்பது எல்லாம் அப்படியே நடக்கும், இன்னும் கூடுதலாகவே.

முன்கூட்டி எழுதி வைக்கும் மருத்துவ விருப்பத்துக்கென்று மலேசியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டுதல் இதை ஏற்கிறது. குறிப்பிட்ட சிகிச்சை தனக்கு வேண்டாம் என்று நோயாளி ஐயத்துக்கிடமில்லாமல் எழுதி வைத்திருந்தால், அந்த நிலைமையில் டாக்டர் அதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே எழுதுங்கள். தேதி போட்டு, அவர் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கி, டாக்டரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அந்த ஒரு தாள்

பேசி முடித்ததெல்லாம் கோப்பின் நடுவில் ஆங்கிலத்தில் நாலு பக்கமாகக் கிடந்தால் பயனில்லை. ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கக்கூடியதாக ஒரே ஒரு தாள் வேண்டும். எங்கள் இல்லத்தில் அதைப் பெரிய எழுத்தில் மலாயில் எழுதுகிறோம், ஏனென்றால் ராத்திரி ட்யூட்டி பார்க்கிற எல்லோருக்கும் பொதுவாகப் புரிவது அதுதான். முதல் வரி இப்படி இருக்கும்: 'ஜாங்ஙான் ஹந்தார் ஹோஸ்பிட்டல். தெலெஃபோன் மிஸ்ஸி டூலு.' ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே, முதலில் மிஸ்ஸிக்குப் போன் போடு. அதற்குக் கீழே என் எண், ஹோஸ்பிஸ் எண், பிறகு பிள்ளைகளின் எண்கள், யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசையில்.

அடுத்த பாதியில் 'இது நடந்தால் இதைச் செய்' என்று எழுதுங்கள். மூச்சு வாங்கினால் தலைமாட்டை உயர்த்து, விசிறியை முகத்துக்குத் திருப்பு, இந்த மருந்தில் இத்தனை மில்லி. வலி என்றால் இது. காய்ச்சல் என்றால் இது. எப்போது மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்பதையும் எழுதுங்கள். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வலியை இல்லத்தில் வைத்து அடக்க முடியாது, அனுப்பத்தான் வேண்டும். தாளை கோப்பின் முதல் பக்கத்தில் ஒன்றும், அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒன்றுமாக ஒட்டுங்கள். ஆஸ்பத்திரி போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். பழைய தாளும் புதிய தாளும் சேர்ந்து கிடந்தால் ராத்திரியில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

எழுதினால் மட்டும் போதாது. ராத்திரி ட்யூட்டிக்கு வருகிற பிள்ளையை உட்கார வைத்து, "இந்தப் பாட்டி இறக்கப் போறாங்க. நீ தனியா இல்ல, நான் போனை எடுப்பேன்" என்று சொல்லுங்கள். போனை எடுங்கள்.

வலி

தோட்டத்தில் வேலை செய்த தலைமுறை வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லாது. "ஒன்னுமில்ல மிஸ்ஸி" என்பார்கள். கை மட்டும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். மறதி நோய்க்காரர்களுக்குச் சொல்லவே தெரியாது. ஆகவே பார்க்கப் பழகுங்கள். மறதி நோயாளிகளின் வலியை அளக்க 2003இல் வெளியான ஓர் அளவுகோல் இருக்கிறது; நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்று ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. படுத்திருக்கும்போது போடும் எண் பெரிதாக உதவாது. பாம்பர்ஸ் மாற்றப் புரட்டுகிறீர்களே, அந்த நேரத்தில் முகத்தைப் பாருங்கள். புருவம் நெரிகிறதா, உதடு கோணுகிறதா, உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளுகிறாரா. 'முரட்டுத்தனம் பண்றாங்க' என்று ரிப்போர்ட்டில் எழுதப்படும் பாதிப் பேருக்கு உண்மையில் இடுப்போ முதுகோ வலிக்கிறது என்பது என் எண்ணம்.

மார்ஃபின் என்றதும் குடும்பம் பயப்படும். அதைக் கொடுத்தால் கதை முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வயதானவருக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றினால் மார்ஃபின் உயிரை எடுப்பதில்லை. வலியையும் மூச்சுத் திணறலையும் குறைக்கிறது. வாய்வழி மருந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும், சுமார் 4 மணி நேரம் நிற்கும். ஆகவே பாம்பர்ஸ் மாற்றுவதற்கும் புண் கட்டுவதற்கும் அரை மணி முன்னால் கொடுத்துவிடுங்கள். கூடவே மலமிளக்கியும் கட்டாயம். லாக்டுலோஸ் எழுதியிருந்தால் அதை விடாதீர்கள். மார்ஃபினால் வரும் மலச்சிக்கல், முன்னிருந்த வலியைவிட மோசமாகிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும். டாக்டர் வேறு மருந்து எழுதுவார்.

சிலருக்குத் தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டனில் ஒட்டு கொடுப்பார்கள். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒட்டின் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதியும் நேரமும் எழுதுங்கள். புதியதை ஒட்டுமுன் பழையதைத் தேடி எடுங்கள்; முதுகில், தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் இறங்கிவிடும்.

மருந்து எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமே என்பீர்கள். பினாங்கு ஹோஸ்பிஸ் சங்கம் இருக்கிறது; கோலாலம்பூர் பக்கம் என்றால் 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா. நோயாளி இருக்கும் இடத்துக்கே தாதியும் டாக்டரும் வந்து பார்ப்பார்கள், கட்டணம் வாங்குவதில்லை. ஏற்கெனவே பார்க்கிற டாக்டரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்டு ஓடாதீர்கள். கிளினிக் அப்பாயிண்ட்மென்ட்டுக்குப் போகும் அடுத்த தடவையே கேட்டு வாங்கிவிடுங்கள். அரசாங்கமும் 2019 முதல் 2030 வரைக்கான தேசிய வலிதணிப்புக் கொள்கை ஒன்றை வைத்திருக்கிறது. ஆகவே டாக்டரிடம் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சாப்பாடு

குடும்பத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். "மிஸ்ஸி, அம்மா ரெண்டு நாளா ஒன்னும் சாப்பிடல. பட்டினி போட்டே கொல்றீங்களா?" என்று ஒரு மகள் என் முன்னால் நின்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்தது கோபம் மட்டுமில்லை. பசியாறியாச்சா என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஊட்டுவதை நிறுத்துவது என்றால் அன்பை நிறுத்துவதுபோல் இருக்கிறது.

உடம்பு அடங்கும்போது பசி தானாகப் போய்விடும். சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை. இறந்துகொண்டிருப்பதால் சாப்பிட முடியவில்லை. அந்த நேரத்தில் கட்டாயப்படுத்தி ஊட்டினால் சோறு மூச்சுக்குழலுக்குப் போகும், நுரையீரலில் தொற்று வரும். மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட்டுவிடலாமே என்பார்கள். பக்கவாதம் வந்து தேறக்கூடியவருக்கு அது நல்லது. முற்றிய மறதி நோய்க்கு அது உதவுவதில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் தன் நிலைப்பாட்டைத் தெளிவாக வெளியிட்டது: முற்றிய மறதி நோயில் உணவு செலுத்தும் குழாயைப் பரிந்துரைப்பதில்லை, கவனமாகக் கையால் ஊட்டுவது ஆயுளிலும் நுரையீரல் தொற்றிலும் சுகத்திலும் அதற்குக் குறைந்ததில்லை. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கைக்கு உறை போட்டுக் கட்டி வைப்பார்கள். பேரனின் கையைப் பிடிக்க வேண்டிய கை அது.

கையால் ஊட்டுவதற்கு முறை இருக்கிறது. நன்றாக விழித்திருக்கும்போது மட்டும் ஊட்டுங்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், முகவாய் சற்றுக் கீழே இருக்கட்டும். நீங்களும் அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாக்குவார், புரை ஏறும். டீஸ்பூனில் அரை அளவு போதும். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். நாலு ஸ்பூன் கஞ்சி உள்ளே போனால் அன்றைக்கு அது போதும்.

விழுங்கவே முடியாத நாள் வந்தபிறகு சுவை மட்டும் கொடுக்கலாம். வாய் துடைக்கும் ஸ்பாஞ்சுக் குச்சியை அவருக்குப் பிடித்ததில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் தடவுங்கள். ஒரு தாத்தாவுக்குக் கோப்பி-ஓ, பால் சேர்க்காத காப்பி. கண்ணைத் திறக்காமலே உதட்டைச் சப்புவார். இன்னொருவருக்கு ரசத்தின் தெளிவு. ஊட்ட முடியாமல் தவிக்கும் மகளின் கையில் அந்தக் குச்சியைக் கொடுத்துவிடுங்கள். அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

டிரிப் ஏற்றுவதும் அப்படித்தான். கடைசி நாட்களில் உடம்பு தண்ணீரை வெளியேற்றாது. கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும். வாய் வறட்சிக்கு மருந்து, வாயை ஈரமாக வைப்பதுதான்.

கடைசி இரண்டு மூன்று நாள்

பேச்சு நின்றுவிடும். சிறுநீர் குறைந்து கருமையாகும். கை கால் சில்லிடும், முழங்காலில் ஊதா நிறத் திட்டு தெரியும். மூச்சு வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடும். தொண்டையில் சளி கரகரக்கும். கேட்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் பயங்கரம். அவருக்கு அது தெரிவதில்லை. சளி உறிஞ்சும் மெஷினை ஆழமாக விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்துங்கள்; பாதிச் சத்தம் அதிலேயே அடங்கும்.

இந்த நாட்களுக்கான மருந்து முன்கூட்டியே பெட்டியில் இருக்க வேண்டும். வலிக்கும் மூச்சுக்கும் மார்ஃபின், பதற்றத்துக்கு மிடாஸோலம், சளிக்கு ஹையோசின், குமட்டலுக்கு ஒன்று. தோலுக்கடியில் சின்ன ஊசி ஒன்றை ஒட்டி வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் குத்த வேண்டாம். கொலஸ்ட்ரால் மாத்திரை, வைட்டமின் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். விரல் குத்திச் சர்க்கரை பார்ப்பதையும் எப்போது நிறுத்தலாம் என்று கேளுங்கள். அப்புறம் ரெண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, வாய் துடைப்பது, உதட்டுக்கு வாசலின். ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பாட்டி, திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் நினைவிழந்த ஹோஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020இல் வெளியிட்டார்கள். கடைசி மணி நேரங்களிலும் சிலருடைய மூளை ஒலிக்கு ஈடுகொடுத்தது. வர முடியாத பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பட்டும். காதருகே சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கட்டில் பக்கத்தில் நின்று சொத்துக் கணக்குப் பேசாதீர்கள்.

உயிர் சொந்த வீட்டில்தான் பிரிய வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் உண்டு. நியாயமான ஆசை. ஆனால் அதை வாரங்களுக்கு முன்பே சொல்லுங்கள். பழைய அடுக்குமாடி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று அளந்து பாருங்கள், கட்டில் வாடகைக்கு எடுங்கள், ஹோஸ்பிஸ் தாதியிடம் வீட்டு முகவரியைக் கொடுங்கள். மூச்சு விட்டு விட்டு வரத் தொடங்கியபின் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பினாங்குப் பாலத்தின் மேல் வண்டியிலேயே முடிந்துவிடலாம்.

பால், திருநீறு, விளக்கு

வாயில் பால் ஊற்ற வேண்டும், கங்கை தீர்த்தம் விட வேண்டும் என்று வருவார்கள். தடுக்காதீர்கள், முறையை மட்டும் மாற்றிக் கொடுங்கள். ஸ்பூனில் ஊற்றினால் அது நேரே மூச்சுக்குழலுக்குப் போகும். பெரியவர் திணறுவதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் காட்சி ஆயுளுக்கும் போகாது. சுத்தமான விரலை நனைத்து உதட்டில் ஒரு சொட்டு, அல்லது பிழிந்த ஸ்பாஞ்சு. ஒவ்வொருவராக வந்து அதைச் செய்யலாம். துளசி இலையை உதட்டின் மேல் வையுங்கள், வாய்க்குள் வேண்டாம். திருநீற்றை நெற்றியில் மெல்லத் தடவுங்கள், மூக்கில் பறக்க விடாதீர்கள்.

ஆக்ஸிஜன் ஓடுகிற அறையில் அகல் விளக்கு, சூடம், ஊதுவத்தி எதுவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பேட்டரி விளக்கு ஒன்றை இல்லத்திலேயே வாங்கி வைத்திருக்கிறோம். பதிகம் பாட வருகிறவர்கள் அதை ஏற்றிக்கொள்கிறார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பம் என்றால் கட்டிலைத் தொழுகைத் திசையான கிப்லாவுக்குத் திருப்ப இடம் செய்து கொடுங்கள், காதருகே கலிமா சொல்லிக் கொடுக்க ஒருவர் உட்காரட்டும். கத்தோலிக்கர் என்றால் பாதிரியாரை நினைவு இருக்கும்போதே கூப்பிடுங்கள். இதெல்லாம் சேர்க்கும் அன்றே கேட்டு அந்தத் தாளில் எழுத வேண்டியது.

பிரிந்த பிறகு

அவசரப்படாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்த மரணம் என்பதால் அதைப் பதிவு செய்யக் குடும்பத்தில் ஒருவர் போக வேண்டி வரும். இறந்தவரின் ஐசி (அடையாள அட்டை), போகிறவரின் ஐசி, நோய் விவரம் உள்ள ஆஸ்பத்திரிக் கடிதம், டாக்டர் கொடுத்த தாள் எல்லாம் ஒரே உறையில் தயாராக இருக்கட்டும். எங்கே போக வேண்டும், வேறென்ன படிவம் வேண்டும் என்பதை இல்லத்துப் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டு அந்த உறையின் மேல் எழுதி வையுங்கள். பினாங்கில் பத்து லஞ்சாங் என்ற இடத்து மயானத்தில் தகனத்துக்கு நேரம் வாங்கும் வேலையை யார் செய்வது என்பதையும் குடும்பம் முன்னாலேயே பேசியிருக்க வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தகனத்துக்கு முன் அதை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சூட்டில் வெடிக்கும்.

மகள்கள் விரும்பினால் எங்களோடு சேர்ந்து உடம்பைத் துடைக்கட்டும். அறையில் கூட இருந்தவர்களிடம் மறைக்காதீர்கள். திரையை இழுத்து, பின்வாசல் வழியாகக் கொண்டுபோய், மறுநாள் காலையில் கட்டில் காலியாகக் கிடந்தால், மற்றவர்களுக்குத் தங்கள் முடிவும் இப்படி ஒளித்து வைக்கப்படும் என்றுதான் தோன்றும். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டியிடம் போய்க் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். எங்கள் இல்லத்தில் முன்வாசல் வழியாகத்தான் அனுப்புகிறோம். நடக்க முடிந்தவர்கள் வந்து நிற்பார்கள். அன்று ராத்திரி ட்யூட்டி பார்த்த பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பாமல், உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லி, நடந்ததைக் கேளுங்கள். அது அவருக்கு முதல் மரணமாகக்கூட இருக்கலாம்.

மிச்சமிருக்கும் மார்ஃபினையும் ஒட்டுகளையும் குப்பையில் போடவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது. எண்ணி, எழுதி, ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு, அதைக் கொடுத்த மருந்தகத்திடமே திருப்பி ஒப்படையுங்கள். ஹோஸ்பிஸ் கொடுத்த கட்டிலோ காற்று மெத்தையோ இருந்தால் துடைத்துவிட்டு அவர்களுக்குப் போன் போடுங்கள். வேறொரு வீட்டில் அதற்காகக் காத்திருப்பார்கள்.